வாலில்லாத காசித்தும்பை

எனக்குப் பிடிக்காத பூ ஒன்று உண்டென்றால் அது காசித்தும்பைதான். பார்க்க அழகு, அதை மறுக்கவில்லை. அந்தக் காலத்துப் பினாங்கில் அதை வளர்க்காத வாசல் குறைவு. மலாய்க்காரப் பெண்கள் அதை அரைத்து நகத்துக்குச் சிவப்பேற்றிக்கொள்வார்கள். சீனர் வீட்டு முற்றத்தில் பழைய மண்ணெண்ணெய் டின்னில் நிற்கும். நம்மவர் வீட்டில் காலையில் பறித்துச் சாமி படத்துக்கு வைப்பார்கள். பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது அழகுதான். அதைக் காயவைத்துத் தாளில் ஒட்டிப் பெயர் கண்டுபிடிக்கும் வேலையைச் செய்து பார்த்தால்தான் அதன் குணம் தெரியும்.

அந்த வேலையைச் செய்துதான் நான் சோறு தின்றேன். மலையடிவாரத்தில், அருவிக்குக் கொஞ்சம் கீழே, அரசாங்கத் தோட்டம் ஒன்றில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. கணக்கெழுதும் கிராணி இல்லை, செடிக் கிராணி. மலையிலிருந்து ஆட்கள் செடிகளைப் பறித்துக்கொண்டு வருவார்கள். நான் அவற்றைப் பழைய செய்தித்தாளுக்கு நடுவே விரித்து, பலகை வைத்து நசுக்கி, கரியடுப்புச் சூட்டில் காயவைத்து, தடித்த தாளில் தைத்து, பெயரெழுதி அலமாரியில் அடுக்க வேண்டும். "புல்லக் காயவெக்கிறதுக்கா கவர்மெண்டு சம்பளம் குடுக்குது?" என்று என் மாமனார் பெண் கொடுக்குமுன் பலமுறை விசாரித்தார். கொடுக்கிறது என்று உறுதியான பிறகுதான் பெண்ணைக் கொடுத்தார்.

மற்றச் செடிகள் மரியாதை தெரிந்தவை. பறித்தால் சாகும், நசுக்கினால் நசுங்கும், காயவைத்தால் காயும். காசித்தும்பை வகையறா அப்படி இல்லை. தண்டு முழுக்கத் தண்ணீர். தாளுக்கு நடுவே வைத்தாலும் செத்துப்போகாமல் பல நாள் பிடிவாதமாக உயிரோடு கிடக்கும். பிறகு ஒரேயடியாக இலைகளை உதிர்த்துவிட்டுப் பூஞ்சை பூத்துக்கொள்ளும். பூவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஈரத்தில் இதழோடு இதழ் ஒட்டி, வெற்றிலை போட்டுத் துப்பியது போலத் தாளில் ஒரு கறையாகிவிடும். காயைத் தொட்டால் போதும், வெடித்து முகத்தில் விதையை அடிக்கும். எங்கள் அலமாரியில் இந்தக் குடும்பத்துக்கென்று ஓர் அடுக்கு இருந்தது. அதைத் திறந்தால் பழுப்புக் கறைகளும், அவற்றுக்குக் கீழே மிக அழகான கையெழுத்தில் லத்தீன் பெயர்களும் இருக்கும். எந்தக் கறைக்கும் அடுத்த கறைக்கும் வித்தியாசம் தெரியாது. பெயர்கள் மட்டும் வேறு வேறு.

இத்தனைக்கும் இந்தக் காட்டுக் காசித்தும்பைகளை இனம் பிரிப்பதே பூவை வைத்துத்தான். இலை ஓரத்துப் பற்களைப் பார்க்கலாம், காம்பில் பிசின் மணிகள் உண்டா என்று பார்க்கலாம், காயில் மயிர் இருக்கிறதா என்று தடவலாம். எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் வந்து நிற்பது வாலில்தான். பூவின் பின்பக்கம் புனல் போலக் குவிந்து, மெல்லிய வாலாக நீண்டிருக்கும். வால் நீளமா, குட்டையா, வளைந்ததா, நேரா என்பதுதான் அதன் ஜாதகம். வால் போனால் ஜாதகம் போனது. இதைத்தான் எங்கள் துரை எனக்கு அடிக்கடி சொல்வார், நானும் தலையாட்டுவேன்.

எங்கள் துரை நல்லவர். கோபம் வந்தால்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கோபப்படுவார். அவருக்கு ஒரே ஓர் ஆசை. இந்த மலையில் இதுவரை யாரும் பார்த்திராத ஒரு செடியைக் கண்டுபிடித்து அதற்குப் பெயர் வைக்க வேண்டும். வந்த நாளிலிருந்து தேடினார். அவருக்கு முன்னால் வந்திருந்த துரைமார்கள் ஒரு புல்லைக்கூட மிச்சம் வைக்காமல் பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ரப்பர் விலை சரிந்த வருஷங்கள் அவை. எஸ்டேட்டுகளில் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகப் பூர்வீக ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். துறைமுகப் பக்கம் போனால் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்க்காமல் வர முடியாது. அரசாங்க ஆபீஸ்களிலும் ஆட்குறைப்பு வந்தது. எங்கள் தோட்டத்தில் முதலில் கரிக்குக் கொடுத்த பணத்தை நிறுத்தினார்கள். கரி இல்லாமல் செடி காய்வது எப்படி என்று மேலிடத்தில் யாரும் யோசிக்கவில்லை. அடுத்தபடியாக, காயாத செடிக்குக் கிராணி எதற்கு என்று மட்டும் சரியாக யோசித்தார்கள்.

துரை என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே வம்புதான். சிங்கப்பூரிலிருக்கும் பெரிய துரை செடியறையை மூடிவிடலாம் என்கிறார், உன் வேலையும் அதோடு போகும், கப்பல் செலவை அரசாங்கம் தரும் என்றார். எந்த ஊருக்குக் கப்பல் என்று கேட்டேன். உன் ஊருக்கு என்றார். என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கி வந்தவர்கள் இருவரும் இந்த மண்ணிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதன் பெயர். என் மனைவியோ இங்கேயே பிறந்தவள். அவளுக்கு அந்தப் பெயரும் தெரியாது.

"ஒரு வழி இருக்கிறது" என்றார் துரை. "புதிதாக ஒன்று கிடைத்தால் அறையை மூட மாட்டார்கள்."

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மண்டோர் மலையில் ஒரு பூவைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். மண்டோர் என்றால் தோட்டத்து ஆட்களுக்கு மேஸ்திரி. நெடுநெடுவென்று இருப்பார். துரை எதைக் கேட்டாலும் "ஆமாங்க தொரை" என்பதைத் தவிர வேறு பதில் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. ஓடைக்கு மேலே, தண்ணீர் தெறிக்கும் ஒரு பாறையில், வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு காட்டுக் காசித்தும்பை கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கிறது என்றார். துரைக்கு அப்போது கால் வீங்கிக் கட்டுப் போட்டிருந்தார்கள். மலையேற முடியாது. என்னை மண்டோரோடு அனுப்பினார்.

வழி முழுக்க மழை. பாறையில் ஏறி, பூவும் இலையும் காயுமாகக் கூடை நிறையப் பறித்தோம். பூக்களுக்கு வால் இருந்தது. நீளமாக, நுனியில் லேசாகச் சுருண்டு, நன்றாகவே இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைச் சந்தேகப்பட வேண்டாம்.

கரி இல்லாத ஆபீஸில் காயவைக்க முடியாது. வீட்டில் அடுப்பு இருக்கிறதே என்று கூடையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வீடென்றால் தோட்டத்து வாசலுக்கருகே அரசாங்கம் கொடுத்திருந்த ஓர் அறையும் சமையற்கட்டும். மனைவியிடம், "இது நம்ம சோத்துக்கு வழி. பத்திரமாப் பாத்துக்க. பூவ மட்டும் தனியா எடுத்துக் காகிதத்துல பரப்பி, அடுப்பு மேல வெச்சிரு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். நனைந்ததில் காய்ச்சல்.

காலையில் எழுந்து பார்த்தால் பூக்கள் பிரமாதமாகக் காய்ந்திருந்தன. ஒன்றில்கூடக் கறை இல்லை. இதழ்கள் விரித்தபடி, நிறம்கூட மிச்சம். பல வருஷம் நான் செய்ய முடியாததை அவள் முதல் தடவையே செய்துவிட்டாளே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. ஒரு பூவைத் திருப்பிப் பார்த்தேன். வால் இல்லை. இன்னொன்றைத் திருப்பினேன். அதிலும் இல்லை.

"வால் எங்கடி?"

"எந்த வாலு?"

"பூவுக்குப் பின்னால இருந்திச்சே."

"அதுவா. கிள்ளிப் போட்டுட்டேன்" என்றாள், ஏதோ கீரையில் பழுத்த இலையைப் பொறுக்கியது போல. "அதுல தேன் இருக்கும்ல. எறும்பு வரும். சாமிக்கு வெக்கிற காசித்தும்பைய வாலோடவா வெப்பாங்க? படம் பூரா எறும்பு ஏறிரும்."

"இது சாமிக்கு இல்ல, சிங்கப்பூருக்கு."

"சிங்கப்பூர்ல எறும்பு இல்லியா?"

குப்பையைக் கொட்டிய இடத்துக்கு ஓடினேன். தண்டும் இலையும் காயும் சாக்கடை ஓரத்தில் கிடந்தன. வால்களைப் பக்கத்து வீட்டுக் கோழிகள் முடித்துவிட்டிருந்தன. மறுபடி மலையேறலாமென்றால் சிங்கப்பூர் தபால் கப்பல் அன்றைக்கே கிளம்புகிறது. துரை கட்டுப் போட்ட காலோடு ஆபீஸில் காத்திருக்கிறார். என்ன செய்வது, இருப்பதைக் கொண்டுபோய் நடந்ததைச் சொல்லிவிடுவோம் என்று போனேன்.

நான் வாயைத் திறக்குமுன் துரை கூடையை வாங்கிக்கொண்டார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். ஒரு பூ, இன்னொரு பூ, இன்னொரு பூ.

"வால் இல்லை" என்றார்.

"அதைத்தான் சொல்ல வந்தேன், ஐயா."

"நீயும் கவனித்தாயா?" என்று என் தோளைத் தட்டினார். "இந்த நாட்டில் வாலில்லாத காசித்தும்பையை யாரும் பார்த்ததில்லை."

நான் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி கிள்ளிவிட்டாள், பூவைச் சாமிக்கு வைக்கும்போது அப்படித்தான் கிள்ளுவார்கள், எறும்புக்காக என்றேன். துரை சிரித்தார். நான் மறுபடி சொன்னேன். துரை கண்ணாடியை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பூ ஒவ்வொன்றும் ஒரே இடத்தில், புனல் குறுகத் தொடங்கும் இடத்தில், மயிரிழை பிசகாமல் முடிந்திருந்தது. காய்ந்தபோது சாறு உறைந்து ஓரமும் மூடிக்கொண்டிருந்தது. கிள்ளிய தடமே இல்லை. "மனிதக் கை இத்தனை பூவை இப்படிக் கிள்ளுமா? இயற்கை மட்டும்தான் இவ்வளவு சுத்தமாக வேலை செய்யும்" என்றார். என் மனைவி சமையற்கட்டில் கீரை ஆய்வதை அவர் பார்த்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

சந்தேகம் தீர மண்டோரைக் கூப்பிட்டார். "அந்தப் பூவுக்கு வால் உண்டா?" என்று மலாயில் கேட்டார். மண்டோர் துரையின் முகத்தைப் பார்த்தார். என்ன பதில் வேண்டும் என்பது அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"வாலா? இல்லீங்க தொரை. சுத்தமா இல்லீங்க."

வெளியே வந்ததும், "என்னண்ணே இப்படிச் சொல்லிட்டீங்க?" என்று கேட்டேன்.

"ஒங்க வேல தப்பிக்கிதுல்ல, கிராணியாரே? பின்ன என்ன லா" என்று வெற்றிலையை மடித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் உண்மையைச் சொல்லியாயிற்று. நம்பாதது துரையின் பாடு. பூ புதிதென்றால் என் வேலை இருக்கும், பழசென்றால் கப்பல். இதற்கு மேலும் நான் நின்று வாதாட வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

பூக்கள் சிங்கப்பூர் போயின. துரையின் கால் அதற்குள் ஆறவில்லை, ஆனால் அவர் முகம் மாறிவிட்டது. பூவுக்குத் தன் மனைவியின் பெயரை வைப்பதா, தன் பெயரை வைப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நானும் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். இதில்தான் நம் வேலை தொங்குகிறது, யாராவது கேட்டால் வாயைத் திறக்காதே என்றேன்.

"எனக்கென்ன வந்திச்சு? வாலு இல்லேன்னா இல்லாமலே இருக்கட்டும்" என்றாள். "ஆனா நீங்க தொரைகிட்ட உள்ளதச் சொன்னீங்கள்ல?"

"சொன்னேன். நம்பல."

"அது போதும்."

இரண்டு மாதம் போனது. சாக்கடை ஓரத்தில், அவள் கொட்டிய காய்கள் வெடித்த இடத்தில், குட்டிக் குட்டியாகச் செடிகள் முளைத்தன. ஈரமும் நிழலும் கிடைத்ததில் தளதளவென்று வளர்ந்து பூக்கத் தொடங்கின. வெளிறிய ரோஜா நிறம், பின்னால் நீண்ட வால். தினமும் முகம் கழுவும்போது அவற்றைப் பார்ப்பேன். அவை என் பக்கம் வாலைக் காட்டிக்கொண்டு நிற்கும். பிடுங்கிவிடலாமா என்று கேட்டேன். பூக்கிற செடியை யாராவது பிடுங்குவார்களா என்று அவள் விடவில்லை. தினமும் பறித்து, வாலைக் கிள்ளி, சாமி படத்துக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒருநாள் பெரிய துரையே கப்பலேறி வருகிறார் என்று செய்தி வந்தது. செடி நிற்கும் இடத்தில் பூவைப் பார்த்துவிட்டால் புத்தகத்தில் ஏற்றிவிடலாமாம். பாறையில் போய்ப் பார்த்தால் வால் இருக்குமே என்று எனக்குக் கலக்கம். எங்கள் துரைக்குக் கலக்கமே இல்லை. மண்டோரைக் கூப்பிட்டு, பெரிய துரை வருகிறார், பாறை வரைக்கும் வழியைச் சரிசெய்து வை என்று மட்டும் சொன்னார்.

பெரிய துரை வந்தார். வயதானவர், தாடி வெளுத்தவர், மலையேறுவதில் எங்களையெல்லாம் தூக்கி அடித்தார். வழி எப்போதும் இல்லாத வழியாக இருந்தது. புல் செதுக்கியிருந்தது. இரண்டு பக்கமும் கல் அடுக்கி அதற்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. ஓடையைத் தாண்டி மேலே போனோம். பாறை பளபளவென்று நின்றது. பாசி இல்லை, பெரணி இல்லை, ஒரு தழை இல்லை. தேய்த்துக் கழுவிக் கவிழ்த்த அண்டா போல இருந்தது.

எங்கள் துரை பாறையையும் மண்டோரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெரிய தொரை வர்றாங்கன்னு சொன்னீங்க" என்றார் மண்டோர். "அதான் ஆளுங்கள விட்டுக் களையெல்லாம் வழிச்சு எடுத்துட்டேன். பூப்பறிக்கிற எடம் அசிங்கமா இருந்திச்சு தொரை."

துரை அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மண்டோரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காகச் செய்தாரா, நிஜமாகவே சுத்தம் செய்தாரா என்று அன்றைக்கும் தெரியவில்லை, அவர் சாகும் வரைக்கும் தெரியவில்லை. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பெரிய துரை மட்டும் கோபப்படவில்லை. காய்ந்த பூக்கள் அத்தனை நன்றாக இருக்கின்றன, அவற்றை வைத்தே எழுதிவிடலாம், செடி வேறெங்காவது கிடைக்காமலா போகும் என்று எங்கள் துரைக்கு ஆறுதல் சொன்னார். என் வேலை தப்பித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. இறங்கும்போது காலில் வலியே தெரியவில்லை.

அடிவாரத்துக்கு வரவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. ஒதுங்க அருகில் இருந்தது என் வீடுதான். இரண்டு துரைமார்களும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார்கள். இருந்த ஒரு நாற்காலியைப் பெரிய துரைக்குப் போட்டேன். எங்கள் துரை அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். மனைவி காப்பி கலக்கப் போனாள்.

பெரிய துரையின் கண் சாமி படத்தில் நின்றது. எழுந்து கிட்டப் போனார். முருகன் காலடியில் வரிசையாக வெளிறிய ரோஜா நிறப் பூக்கள். அன்று காலையில் வைத்தவை. தொடலாமா என்று என்னைக் கேட்டுவிட்டு ஒன்றை எடுத்துத் திருப்பினார்.

"வால் இல்லை" என்றார், மெதுவாக.

எங்கள் துரை அரிசி மூட்டையிலிருந்து துள்ளி எழுந்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. வாடாத பூ, புதுப் பூ, இதிலும் வால் இல்லை, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றார். அன்றைக்கு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கடவுளே வந்து என் கட்சியில் நிற்கும்போது நான் குறுக்கே புகுவானேன் என்று இருந்துவிட்டேன்.

மனைவி காப்பியோடு வந்தாள். எங்கள் துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளும் ரசிக்கட்டுமென்று மலாயிலேயே பேசினார். இங்கேயே பிறந்தவளுக்கு மலாய் தண்ணீர் பட்டபாடு. "அம்மா, உன் புருஷன் என்ன சொன்னான் தெரியுமா? இந்தப் பூவுக்கெல்லாம் வால் இருந்ததாம். நீதான் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டாயாம். எப்படிப்பட்ட கதை பார்" என்று சிரித்துவிட்டு, பெரிய துரையின் பக்கம் திரும்பி, "கிராணி பொஹோங்" என்றார்.

பொஹோங் என்றால் பொய்யன். அவர் செல்லமாகத்தான் சொன்னார். பெரிய துரையும் சிரித்தார். மழைக்கு ஒதுங்கி வாசலில் நின்ற மண்டோரும் துரைமார் சிரிக்கிறார்களே என்று சிரித்து வைத்தார். நானும் சிரித்தேன். என்ன செய்வது, பிழைக்க வேண்டுமே.

அவள் சிரிக்கவில்லை. காப்பிக் கோப்பைகளைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். கையைக்கூடக் கும்பிடுவது போல லேசாகச் சேர்த்தேன். அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் பின்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது மடி நிறையப் பூ. ஈரத்தோடு, வாலோடு.

பெரிய துரையின் முன்னால் உட்கார்ந்து ஒரு பூவை எடுத்துக் காட்டினாள். "இத்து ஏக்கோர், துவான்" என்றாள். இதுதான் வால், ஐயா. பிறகு கிள்ளினாள். பூவைப் பார்க்கக்கூட இல்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கிள்ளினாள். கட்டைவிரல் நகம் ஒரு தடவை அசையும், வால் ஒரு பக்கம், பூ ஒரு பக்கம். அடுத்தது, அடுத்தது. எல்லாம் ஒரே இடத்தில், மயிரிழை பிசகாமல்.

"என்னடி பண்ற, வேல போயிரும்டி" என்றேன் தமிழில்.

கை நிற்காமலே பதில் சொன்னாள். "போவுதுன்னா போவட்டும். எங்க வீட்டுக்குள்ள உக்காந்துகிட்டு, எங்க காப்பியக் குடிச்சுகிட்டு, எங்க வீட்டு ஆளப் பொய்யன்னு சொல்லிட்டுப் போவக் கூடாது."

பெரிய துரை குனிந்து வாலுள்ள ஒரு பூவை எடுத்தார். கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை. வால் நுனியைப் பார்த்ததும் வாயிலிருந்து லத்தீன் பெயர் வந்துவிட்டது. எனக்கும் தெரிந்த பெயர்தான். எங்கள் அலமாரியில் அந்தப் பெயருக்கு மேலே வெகுகாலமாக ஒரு பழுப்புக் கறை ஒட்டியிருந்தது. நானே பலமுறை தூசி தட்டி வைத்த கறை.

எங்கள் துரை எழுந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. அவ்வளவு பெரிய ஆசை, ஒரு கட்டைவிரல் நகத்தில் போய்விட்டது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என்னைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. அவர் அவளிடம் போய், மலாயில், "உன் புருஷன் பொய்யன் இல்லை, அம்மா. மன்னிக்க வேண்டும்" என்றார். அவள் தலையசைத்தாள். காப்பி ஆறுகிறது, குடியுங்கள் என்றாள். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்து குடித்தார்கள்.

செடியறையை மூடினார்கள். துரை எனக்குக் கொடுத்த நற்சான்றில், இப்படி நேர்மையான மனிதரைத் தான் கண்டதில்லை என்று எழுதியிருந்தார். அதை எடுத்துக்கொண்டு எத்தனையோ ஆபீஸ் படி ஏறினேன். எல்லோரும் படித்துப் பாராட்டினார்கள். வேலை மட்டும் காலி இல்லை என்றார்கள். நேர்மை அந்த வருஷம் அங்காடியில் விலைபோகவில்லை. கப்பலுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி ஆள் வந்தபோது அவள் கதவைத் திறக்கவே இல்லை. "பேரு தெரியாத ஊருக்கு எவன் போவான்" என்று உள்ளிருந்தே சொல்லி அனுப்பிவிட்டாள்.

கோவிலுக்குப் போகும் சாலையில் பலகை போட்டுப் பூ விற்கலாம் என்றதும் அவள்தான். மல்லிகையும் செண்டுப்பூவும் நாரில் கட்டுவாள். காசித்தும்பையைக் கட்ட முடியாது, கை பட்டாலே உதிரும். அதை வாழையிலையில் உதிரியாக வைத்துக் கொடுப்போம். கிள்ளுகிற வேலை எனக்கு. செடி நூல் அத்தனையும் கரைத்துக் குடித்த கைக்கு ஒரு வால் ஒழுங்காகக் கிள்ள வரவில்லை. ஒன்றில் நீளமாக நிற்கும், ஒன்றில் பூவே கிழியும். துரை பார்த்திருந்தால் பத்துப் பன்னிரண்டு புது இனம் கண்டுபிடித்திருப்பார். ஆனாலும் கடை நிலைத்தது. எறும்பு ஏறாத பூ என்று தேடி வந்து வாங்கினார்கள்.

வெகுநாள் எனக்கு அவள்மேல் மனத்தாங்கல் இருந்தது. கேட்கவும் கூச்சம். ஒருநாள் கூட்டம் குறைந்த நேரத்தில் கேட்டுவிட்டேன். அன்றைக்குக் கோபத்தில் எழுந்து போய்விட்டாயே, வேலை போகும், கப்பல் ஏற வேண்டிவரும் என்று உனக்கு ஒரு கணமாவது நினைப்பு வரவில்லையா என்றேன்.

அவள் என் குவியலிலிருந்து வால் நிற்கும் ஒரு பூவைப் பொறுக்கி எடுத்தாள்.

"நெனச்சேன்" என்றாள். "நெனச்சுத்தான் கிள்ளினேன்."

அந்தப் பூவையும் கிள்ளி இலையில் வைத்துவிட்டு, வந்தவருக்குப் பூ எடுத்துக் கொடுக்க எழுந்தாள்.